மசோதாவின் முகம்

நாயேலிக்கு நரை விழுந்த விஷயம் எங்கள் தெருவுக்கே தெரியும். அமெரிக்க செனட் சபைக்குத் தெரியாது. தெரியவும் கூடாது என்று செனட்டர் கால்டர்வுட்டின் அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு பத்திரிகையாளர் கூட்டத்துக்கும் முந்தின நாள் அவள் என் கடைக்கு வந்து உட்காருவாள், நான் சாயம் அடித்து அனுப்புவேன்.

நான் பீனிக்ஸ் நகரத்தில், மேரிவேல் பக்கம் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். என் பெயர் ஒஃபேலியா. பார்லருக்கும் அதே பெயர்தான், வேறு யோசிக்க அன்றைக்குப் பொறுமை இல்லை. நாயேலியைப் போலவே எனக்கும் இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் கிடையாது. பதினாறு வயதுக்கு முன்னால் எல்லையைத் தாண்டியிருந்தால் நான் ஒன்றும் அறியாத குழந்தை. பதினேழில் தாண்டினேன், ஆகவே குற்றவாளி. குற்றவாளியை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை என்பதால் என் பாட்டுக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாயேலி ஓரோஸ்கோவின் நிலைமை வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம் மிச்சோவாகானிலிருந்து அவள் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளிப்படிப்பு முடித்த வருடம், காகிதமில்லாத பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு மசோதா வருகிறது, பட்டமளிப்பு கவுனும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து செனட்டருக்குப் பின்னால் நில் என்றார்கள். நின்றாள். எங்கள் பிள்ளைகளுக்கு இது ஒரு வழக்கம். ஊர்வலத்துக்கும் கவுன், சாலை மறியலுக்கும் கவுன், போலீஸ் வண்டியில் ஏற்றும்போதும் கவுன். படித்த பிள்ளையைத் துரத்த யாருக்கும் மனம் வராது என்று ஒரு நம்பிக்கை. அந்த வருடம் மசோதா தோற்றது. அடுத்த முறை மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி நின்றாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நின்றாள். வயிற்றில் பிள்ளையோடு நின்றாள், கவுன் தொளதொளவென்று இருந்ததால் வெளியே தெரியவில்லை. புருஷன் விட்டுவிட்டு டெக்சாஸ் போன மாதமும் நின்றாள். இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மசோதாவின் பெயர் இன்னமும் இளைஞர் பாதுகாப்பு மசோதாதான்.

நடுவில் ஒருமுறை அரசாங்கம் மனமிரங்கித் தற்காலிகமாக ஓர் அட்டை கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம், துரத்த மாட்டார்கள், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதாவது இங்கே இருக்கலாம், இருக்கப் போகிறோம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்த அட்டையை நம்பித்தான் நாயேலி படித்து, ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறுகிறவர்களுக்குக் குழாய் வைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் இட்செலை வளர்ப்பதும் அந்த வேலையில்தான். இட்செல் இங்கே பிறந்தவள், அவளை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வருடம் அட்டையைப் புதுப்பிக்க நேரத்தோடு விண்ணப்பித்தும் பதில் வரவில்லை. கோப்பு எங்கோ மாட்டிக்கொண்டது. கோடை முடிவதற்குள் அட்டை காலாவதியானால் வேலை போகும், எந்தச் சந்திலும் பிடித்துக்கொண்டு போகலாம். செனட்டர் அலுவலகத்திலிருந்து குடியேற்றத் துறைக்கு ஒரே ஒரு போன் போனால் மாட்டிக்கொண்ட கோப்பு நகரும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு போன்தான்.

"அக்கா, நல்லா கருப்பா அடிச்சு விடு. போன தடவை காதோரம் வெள்ளை தெரிஞ்சுதுன்னு டெலனி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா" என்றாள்.

"யாருடி டெலனி?"

"கதை ஒருங்கிணைப்பாளர்."

"யார் கதைய ஒருங்கிணைக்கிறா?"

"என் கதையத்தான்."

நான் கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, அப்படி ஓர் உத்தியோகமே இருக்கிறது. நாயேலி முதன்முதலில் கவுன் போட்டு நின்ற வருடம் பிறந்த பெண் இந்த டெலனி. நாயேலி எந்த வரியில் நிறுத்த வேண்டும், எந்த வரியில் தொண்டை அடைக்க வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொடுப்பாள்.

கூட்டம் மாநில சட்டசபைக்கு முன்னால், ஜூன் மாதத்து உச்சி வெயிலில். பீனிக்ஸில் ஜூன் மாத உச்சி வெயிலுக்கு நாய்கூட வெளியே வராது. நாயேலி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்ததால் நீல நிற வேலை உடுப்பில் இருந்தாள். டெலனி அலறிவிட்டாள்.

"ஐயோ, இது என்ன கோலம்? வேலைக்குப் போற ஆள் மாதிரி இருக்கீங்களே!"

"வேலைக்குத்தான போறேன்."

"அது எனக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரியணுமா? கனவு காண்ற பொண்ணுன்னுல்ல நாங்க சொல்லிட்டிருக்கோம். மேல கவுனப் போடுங்க. 'எனக்குத் தெரிந்த ஒரே தேசம் இதுதான்'னு வரும்ல, அங்க அழணும். போன தடவை ஒரு வரி முன்னாடியே ஆரம்பிச்சுட்டீங்க."

கருப்பு பாலியெஸ்டர் கவுனுக்குள் நாயேலி வேர்த்து ஊற்றினாள். செனட்டர் கால்டர்வுட் குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! இதோ என் பின்னால் நிற்கிறாளே, இந்தச் சின்னஞ்சிறு பெண், இவள் என்ன பாவம் செய்தாள்? இவளுடைய கனவை நான் என் நெஞ்சில் சுமக்கிறேன். கடந்த தேர்தலில் சுமந்தேன். இந்தத் தேர்தலிலும் சுமக்கிறேன். நீங்கள் மட்டும் வாய்ப்பளித்தால் அடுத்த தேர்தலிலும் சுமப்பேன். என் உயிர் உள்ளவரை இந்தச் சுமையை இறக்கி வைக்க மாட்டேன் என்று உங்களுக்கு உறுதி அளிக்கிறேன்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. நாயேலி இந்தத் தடவை சரியான வரியில் அழுதாள். முடிந்ததும் செனட்டர் பக்கத்தில் போய், "ஐயா, என் அட்டை விஷயமா ஒரு போன்..." என்று ஆரம்பித்தாள். அவர் அவள் தோளைத் தட்டி, "மீஹா!" என்றார். மகளே என்று அர்த்தம். எங்கள் பாஷையில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான், அதை எல்லாவற்றுக்கும் பதிலாக உபயோகிப்பார். பிறகு கார் கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த வாரம் அவளுக்குத் துணையாக நானும் செனட்டர் அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பறைச் சுவர் முழுக்க நாயேலியின் படம், கூரை உயரத்துக்கு. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த காவலாளி நாயேலியைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றான்.

டெலனி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள்.

"யோசிச்சுப் பாருங்க. நாங்க ஒரு போன் பண்றோம்னு வெச்சுக்குங்க. உங்க அட்டை வந்துடுது. அப்புறம் நீங்க மேடையில என்ன சொல்லி அழுவீங்க?"

"நான் அழவே வேணாமே" என்றாள் நாயேலி.

"உங்களுக்கு வேணாம், சரி. மசோதாவுக்கு வேணுமே? பிரச்சினை தீர்ந்தவங்கள வெச்சு எப்படி மசோதா கொண்டு வர்றது? அதுவும் இல்லாம, ஒருத்தருக்கு மட்டும் போன் பண்ணா அது சலுகை. செனட்டர் சலுகைக்கு எதிரி. எல்லாருக்கும் நீதி வேணும்ங்கிறவர்."

"அப்ப எல்லாருக்குமே போன் பண்ணுங்க" என்று நான் வாயைத் திறந்தேன்.

டெலனி என்னைப் பரிவோடு பார்த்தாள். "நீங்க எத்தன வயசுல வந்தீங்க?"

"பதினேழு."

"ஓ" என்றாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்ததும் நாயேலி ஒரு காரியம் சொன்னாள். "அக்கா, வேண்டியவங்க செய்யலேன்னா வேண்டாதவங்க செய்வாங்களோ என்னவோ. பிரிம்லியப் போய்ப் பாப்போமா?" பைத்தியமாடி உனக்கு என்றேன். செனட்டர் பிரிம்லி எதிர்க்கட்சிக்காரர். எங்களை விரட்டுவதாகச் சொல்லியே ஜெயித்தவர். அவருடைய தேர்தல் விளம்பரத்தில் வருவதும் இதே நாயேலியின் படம்தான், கருப்பு வெள்ளையில், கண்ணுக்குக் கீழே நிழல் போட்டு, 'அவர்கள் உங்கள் வாசலில்' என்று எழுதி. இருந்தாலும் போனோம்.

மனிதர் எங்களைத் தங்கமாக வரவேற்றார். நாயேலியைப் பார்த்ததும் பழைய சிநேகிதியைக் கண்டதுபோல எழுந்து வந்தார்.

"வாம்மா, வா. உக்காரு. உம்மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆறு வயசுக் கொழந்த என்னம்மா தப்பு பண்ணும்? உன்ன மாதிரி ஆளுங்க இங்க இருக்கணும். எங்கம்மாவுக்கு மூச்சுத் திணறினப்ப உன்ன மாதிரி ஒரு பொண்ணுதான் ராத்திரி பூரா கூட இருந்துச்சு."

"அப்படின்னா ஒரு போன் பண்ணுங்க ஐயா."

"பண்ணலாம். ஆனா நான் உன்ன வெச்சுக்கச் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சா, என்ன வெச்சுக்க மாட்டாங்களே! நீங்கல்லாம் போயிட்டா நான் யார எதிர்க்கிறது, நீங்கல்லாம் நெரந்தரமா இருந்துட்டா யார வெரட்டறது? நீ இப்ப இருக்கற மாதிரி இருக்கறதுதான் எல்லாருக்கும் தோது. படம் கருப்பு வெள்ளையா இருக்கேன்னு வருத்தப்படாத. கலர்ல போட்டுப் பாத்தோம், ரொம்ப நல்ல பொண்ணா தெரிஞ்ச."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். கால்டர்வுட் அதுகூடச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூலையில் திடீரென்று நல்ல செய்தி வந்தது. இரண்டு கட்சியும் சமரசம் செய்துகொண்டு ஒரே மசோதாவைக் கொண்டுவரப் போகின்றன, அதற்கு 'நாயேலி சட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேரிவேலே திருவிழாக் கோலம் பூண்டது. என் கடையில் தலைக்குச் சாயம் அடிக்க வந்தவர்கள் எல்லாம் சட்டத்தின் தலைக்குச் சாயம் அடித்த கை இதுதான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நாயேலி அன்றைக்கு இட்செலைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள்.

இளைஞர் என்றால் யார் என்பதில்தான் பேச்சுவார்த்தை இழுத்தது. இருபத்தைந்து வயது என்றார் பிரிம்லி. ஐம்பது என்றார் கால்டர்வுட். மீன் மார்க்கெட் மாதிரி ஏறி இறங்கி, கடைசியில் முப்பத்தைந்தில் கைகுலுக்கினார்கள். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாயேலி என் கடையிலிருந்தே டெலனிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"எனக்கு நாப்பது தாண்டிடுச்சே."

"அப்படியா?" டெலனிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "மேடையில பாத்தா தெரியவே தெரியாதே. உங்க பார்லர்க்காரங்களுக்கு நல்ல கை."

"அப்ப நாயேலி சட்டத்துல நாயேலி இல்லையா?"

"பேர் இருக்கே! எத்தன பேருக்கு இந்தக் கௌரவம் கெடைக்குது சொல்லுங்க. தன் பேர்ல வர்ற சட்டத்துல தானும் இருக்கணும்னு கேக்கறது கொஞ்சம் சுயநலமா தெரியாதா? செனட்டர் மனசு கஷ்டப்படும்."

நாயேலி போனை வைத்துவிட்டு என்னிடம், "அக்கா, சுயநலமா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தைப் பார்த்தால் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சாயக் கிண்ணத்தைத் தரையில் போட்டு உடைத்தேன். பிறகு நானே பெருக்கினேன்.

சட்டம் தோற்றது. சமரசம் செய்துகொண்ட இருவரில் ஒருவர் அன்றைக்கு வாக்களிக்க வரவில்லை. யார் என்பதில் இன்னும் தகராறு, இருவருமே மற்றவர் என்கிறார்கள். அந்த வார இறுதியில் கால்டர்வுட் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நாயேலி சட்டம் என்று அதில் எழுதியிருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஆகும் என்று முன்னமே செய்யச் சொல்லியிருந்தார்களாம். செனட்டர் பேசினார்.

"இதைத் தோல்வி என்று யார் சொன்னது? வென்றிருந்தால் நம் போராட்டம் இன்றோடு முடிந்திருக்கும். இனி அது தொடரும்! அடுத்த தலைமுறை இளைஞர்களுக்காகவும் இதே மசோதாவை, இதே உறுதியோடு கொண்டுவருவேன். அவர்கள் முதுமை அடையும்வரை நான் ஓய மாட்டேன்!"

பிரிம்லியும் வந்திருந்தார். இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். நாயேலி பணிக்கு நேரமாயிற்று என்று கிளம்பி வந்துவிட்டாள்.

ஆகஸ்டில் அட்டை காலாவதியானது. ஆஸ்பத்திரியில் பூங்கொத்து கொடுத்து, நீங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்று சொல்லி, அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் என் கடையில் முடி கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் டிரம்பெட் பழகிவிட்டு நின்றிருந்த இட்செலை அழைத்துவரப் போன வழியில், கார் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தி, அட்டை காலாவதியானதைப் பார்த்துக் குடியேற்றத் துறையிடம் ஒப்படைத்தது. மகள் பள்ளி வாசலில் காத்திருந்தாள். அம்மா வரவில்லை, நான்தான் போனேன்.

குடியேற்றத் தடுப்புக் காவலில் வைத்துப் பழைய கணக்கைத் தோண்டினார்கள். நாயேலிக்கு ஏழு வயதில் ஒரு நீதிமன்றத் தேதி இருந்திருக்கிறது. அன்றைக்கு அவள் ஆஜராகவில்லை. ஏழு வயதுப் பிள்ளை தானாகப் பஸ் பிடித்து வந்து நீதிபதியைப் பார்க்காத குற்றத்துக்கு அப்போதே வெளியேற்றும் தீர்ப்பு எழுதி வைத்துவிட்டார்களாம். இதுநாள்வரை அட்டை அதை மூடி வைத்திருந்தது. இனிப் புதிதாக விசாரிக்க ஒன்றும் இல்லை, பஸ்ஸில் ஏற்றுவதுதான் பாக்கி.

நான் டெலனிக்குப் போன் செய்தேன்.

"பயங்கரம். ரொம்பப் பயங்கரம். என்னால நம்பவே முடியல" என்றாள். நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "செனட்டர் வியாழக்கெழம ஊருக்கு வர்றார். அதுவரைக்கும் உள்ளயே இருப்பாங்கல்ல?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை இட்செலைச் செனட்டர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். செனட்டர் நாயேலியோடு போனில் பேசுவார், காமிராக்கள் அதைப் படம் பிடிக்கும், தேசமே பார்க்கும் என்றார்கள். காமிராவுக்குத் தெரியாத மூலையில் என்னை நிற்க வைத்தார்கள். இட்செல் செனட்டரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாள்கணக்கில் அழுததில் முகம் வீங்கியிருந்தது. மேக்கப் போடவே வேண்டாம் என்று டெலனி யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

ஒரு சிக்கல் வந்தது. தடுப்புக் காவலில் இருப்பவர்கள் வெளியே பேசலாம், வெளியிலிருந்து உள்ளே யாரும் கூப்பிட முடியாது. காமிராக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "இருங்க, ஒரு நிமிஷம்" என்று டெலனி தன் போனை எடுத்தாள். குடியேற்றத் துறையின் மாநிலத் தலைமை அதிகாரிக்கு நேராகப் போட்டாள். ஒரு மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"ஹாய் டேல்! டெலனி பேசறேன். பொண்ணுக்குக் காய்ச்சல்னீங்களே, எப்படி இருக்கா?... அப்பாடா. டேல், ஒரு சின்ன உதவி. உள்ள ஓரோஸ்கோன்னு ஒருத்தங்க இருக்காங்க. ஆமா, போஸ்டர்ல இருக்கறவங்கதான். செனட்டர் பேசணும்ங்கிறார். லைனுக்குக் கூட்டிட்டு வர முடியுமா?... நீங்க தங்கம் டேல்."

சுவரில் நாயேலி கூரைக்கும் தரைக்குமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். காபி ஆறுவதற்குள் அவளைப் போனுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். செனட்டர் குரலைத் தாழ்த்தி, நெஞ்சில் கை வைத்து, ஒலிபெருக்கியில் பேசினார்.

"மீஹா! இந்த இருண்ட வேளையில் நீ தனியாக இல்லை. இந்த தேசத்தின் மனசாட்சி உன்னோடு இருக்கிறது. நான் உன்னோடு இருக்கிறேன். உனக்காக எதையும் செய்வேன்."

"ஐயா" என்றாள் நாயேலி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "என்ன யாரோ தலைவர் சொல்லி இப்பக் கூட்டிட்டு வந்தாங்க. அடைச்சு வெச்ச ரூமுக்கே வந்து பேரச் சொல்லி, ஓட ஓடக் கூட்டிட்டு வந்தாங்க. நீங்க போன் பண்ணீங்களாம். அவருக்கே இன்னொரு தடவ பண்ணி, என்ன அனுப்ப வேணாம்னு சொல்லுங்க ஐயா. அவர் நீங்க சொன்னா கேக்கறாரு."

செனட்டர் டெலனியைப் பார்த்தார். டெலனி கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அருமையான கேள்வி, மீஹா. அடுத்த கூட்டத்தொடரில் மசோதா நிறைவேறியதும் நான் செய்யப் போகும் முதல் காரியமே அதுதான்" என்றார் செனட்டர்.

இட்செல், "மம்மி! மம்மி, நான் இங்கதான் இருக்கேன்!" என்று எழுந்து போன் பக்கம் ஓடினாள். நேரம் முடிந்துவிட்டதாக அந்தப் பக்கம் ஒரு குரல் சொன்னது, லைன் அறுந்தது. எனக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போலிருந்தது. போடவில்லை. செனட்டர் அலுவலகத்தில் மேஜையைப் புரட்டுவதற்கும் காகிதம் வேண்டும். பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு நின்றேன். கேள்வி கேட்ட பகுதியை வெட்டிவிடலாம், 'எதையும் செய்வேன்' என்ற இடத்தில் முடித்தால் நன்றாக இருக்கும் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் நாயேலியை நோகாலெஸில் எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து யாருடைய போனிலோ கூப்பிட்டாள். "அக்கா, இங்க நான் பேசறதக் கேட்டு எல்லாரும் சிரிக்கறாங்க. உச்சரிப்பு அமெரிக்காக்காரி மாதிரி இருக்காம். எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல. இட்செல் சாப்ட்டாளா?" என்றாள். சாப்பிட்டாள் என்று பொய் சொன்னேன்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் டெலனியிடமிருந்து போன்.

"எல்லாரும் நொறுங்கிப் போயிருக்கோம், நம்புங்க. மசோதாவ மறுபடி கொண்டு வர்றோம். ஒரு முகம் வேணும். இட்செல் அப்படியே அம்மா மாதிரியே இருக்கா. கொஞ்சம் கூட்டிட்டு வருவீங்களா?"

"அவ இங்கயே பொறந்தவ. அவளுக்கு உங்க பாதுகாப்பு வேணாம்மா. அவளுக்கு அவ அம்மாதான் வேணும்."

அந்தப் பக்கம் ஏதோ மெல்லிய சத்தம் கேட்டது. அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை, பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்ல வரி" என்றாள் டெலனி. "கொஞ்சம் மெதுவா இன்னொரு தடவ சொல்லுங்க, எழுதிக்கறேன்."